தண்ணீருக்குள் நோகாத கால்

ஜெகதீஸ் அண்ணையை நான் முதன்முதலில் கண்டது, நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் துறையில். நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் கிடைத்து நான் வேலைக்குப் போன முதல் திங்கட்கிழமை அது. வேலணையில் எங்கள் ஒழுங்கையில் பட்டம் முடித்து அரச உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மா மினுக்கித் தந்த வெள்ளைச் சேட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் படக்கூடாது என்ற கவனத்தோடு வரிசையில் நின்றேன்.

துறையின் விளிம்புக்கும் படகுக்கும் நடுவே ஒரு எட்டு இடைவெளி. அலை படகைத் தூக்கிக் கொடுக்கும் நேரம் பார்த்து அந்த எட்டை வைத்துவிட வேண்டும். கோழிக்கூட்டைச் சுமந்து வந்த மனுசிகூட வைத்தார். எனக்கு முன்னால் நின்றவரிடம் வந்ததும் வரிசை நின்றுவிட்டது. நாற்பதைத் தாண்டியிருப்பார். அகன்ற நெஞ்சு, துடுப்புப் போட்ட கைகள். வலது காலைப் படகின் விளிம்பில் வைத்துவிட்டார். இடது கால் துறையில் நின்றது. அதைத் தூக்க அவரால் முடியவில்லை. படகு அசைய அசைய இரண்டு காலும் விலகிக்கொண்டு போயின.

"ஏறுமன் அப்பா! விடியக்காலமையே போட்டிட்டு வந்து நிக்கிறார்," என்றது பின்னால் ஒரு குரல்.

"போட்டது நானில்லை, இந்தக் கால்தான். அதுக்கு இன்னும் வெறி முறியேல்லை," என்றார் அவர், திரும்பிப் பாராமலே.

வரிசை சிரித்தது. அவர் முகம் வியர்த்திருந்ததை நான்தான் பக்கத்தில் நின்று கண்டேன். கையைக் கொடுத்தேன். முழுப்பாரத்தையும் என் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தம் குடித்துவிட்டு வந்த வெறிக்காரனுடையதல்ல.

படகில் எல்லாரும் வாங்குகளில் இருந்தார்கள். அவர் இருக்கவில்லை. இயந்திரத்தை மூடிய பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். "இந்தச் சூடும் அதிர்வும் கொஞ்சம் சுகம், தம்பி. நீர் ஆர், எங்கத்தையான்?"

"வேலணை. நெடுந்தீவு டி.எஸ். ஒப்பீசுக்கு வேலைக்கு வந்திருக்கிறன்."

"அப்ப டொக்டர்மார் தங்களுக்குள்ளை கதைக்கிற இங்கிலீசு உமக்கு விளங்குமோ?"

"கொஞ்சம் விளங்கும்."

"கொஞ்சம் விளங்கினாலே எனக்குக் காணும். அடுத்த கிளினிக்குக்கு நீர் என்னோடை வாரும்."

எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

அவர் சுழியோடி. நெடுந்தீவில் பிறந்தவர். தகப்பன் சவிரிமுத்து கரையோரம் வலை வைத்தவர். மகன் பத்தொன்பது வயதில் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கத் தொடங்கினார். மனைவி கிறிஸ்ரினாவின் தமையன் மரியநாயகத்தின் படகில், சங்குக்கும் கடலட்டைக்கும். கடலட்டை என்பது கடலின் அடியில் புழுப்போல ஊர்ந்து கிடக்கும் ஒன்று. இங்கே யாரும் அதைத் தின்பதில்லை. காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். பருவம் தொடங்கினால் ஒரு சிலிண்டர் முடிய மேலே வந்து, அடுத்ததைக் கட்டிக்கொண்டு உடனே இறங்குவார்கள். பன்னிரண்டு பாகம், பதினைந்து பாகம் என்று ஆழத்துக்குக் கணக்கு. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்.

எப்படி மூச்சு விடுவது, எப்படி முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது என்றெல்லாம் மூத்த சுழியோடிகள் அவருக்குக் காட்டிக்கொடுத்திருந்தார்கள். எப்படி மேலே வருவது என்று ஒருவரும் சொல்லவில்லை. "மேலை வாறதுக்கு என்ன தம்பி படிப்பு? பை நிரம்பினா வாறது," என்றார்.

சில நாட்களில் மேலே வந்தபிறகு தோளோ முழங்காலோ பிடித்துக்கொண்டு நோகும். அதைச் சுழியோடிகள் 'காத்துப் பிடிச்சிட்டுது' என்பார்கள். வைத்தியமும் அவர்களிடமே இருந்தது. திரும்ப இறங்குவது. இறங்கிச் சில பாகம் போனதும் கை விட்டாற்போல நோ போய்விடும். அங்கேயே கொஞ்சநேரம் கிடந்துவிட்டு வருவார்கள்.

"வேறை ஆக்கள் பெட்டிக்கடையிலை குளிசை வாங்குவினம். எங்களுக்குக் கடல்தான் குளிசை," என்று சொல்லிச் சிரித்தார்.

இடுப்பு நோ வந்தபோதும் அவர் அதைத்தான் செய்தார். முதலில் அரைப்பக்கம் ஒரு பிடிப்பு. பிறகு தொடைக்குள்ளால் முழங்கால்வரை இறங்கும் ஒரு கடுப்பு. தரையில் நடக்கும்போது நோகும், தண்ணீருக்குள் போனால் நோகாது. ஆகவே தரையில்தான் ஏதோ பிழை என்று நினைத்தார். ஒரு பருவம் முழுக்க அப்படியே போனது. எண்ணெய் போட்டு உருவிப் பார்த்தார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு யாழ்ப்பாணத்தில் ஸ்கான் எடுத்தார்கள். அதன் முடிவைக் கேட்கத்தான் நான் கூடப்போனேன்.

எலும்பு வைத்தியர் இளம் ஆள், அவசரப்படாமல் கதைப்பவர். என் ஆங்கிலத்துக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. ஒரு கையைப் பொத்தி மற்றக் கையின் உள்ளங்கைக்குள் வைத்துக் காட்டினார்.

"இது பந்து, இது கிண்ணம். இடுப்பு மூட்டு இப்பிடித்தான் இருக்கு. உங்கடை இடது பக்கப் பந்துக்கு இரத்தம் கொண்டுபோற சின்னக் குழாயளைக் காத்துக் குமிழி அடைச்சிட்டுது. ஆழத்திலையிருந்து கெதியா மேலை வந்ததாலை வாறது. பந்தின்ரை மேற்பக்கம் மெல்ல மெல்ல உயிரில்லாமல் போகுது."

"செத்துப்போச்சோ?" என்று கேட்டார் ஜெகதீஸ் அண்ணை.

"ஒரு பகுதி. ஆனா இன்னும் இடிஞ்சு விழேல்லை. அதாலை ஒரு வழி இருக்கு. தொடையின்ரை வெளிப்பக்கத்தாலை ஒரு துளை போட்டு, எலும்புக்குள்ளாலை அந்தச் செத்த இடம்வரைக்கும் போவம். உள்ளுக்குள்ளை இருக்கிற அழுத்தம் குறையும். புது இரத்தக் குழாய் வளர இடம் கிடைக்கும். சரிவந்தா உங்கடை பந்து உங்களுக்கே மிஞ்சும்."

"சரிவராட்டி?"

"பந்து இடிஞ்சா மூட்டையே வெட்டி எடுத்திட்டுச் செயற்கை மூட்டு வைக்கவேணும். அறுபது வயசு ஆளெண்டா நான் யோசிக்கமாட்டன். நீங்கள் இன்னும் கனகாலம் நடக்கவேண்டிய ஆள். செயற்கை மூட்டு தேயும். பேந்தும் வெட்டவேண்டி வரும். அதாலை இந்தப் பந்தைக் காப்பாத்தப் பாப்பம்."

திரும்பி வரும் பேருந்தில் அவர் பொத்திய கையை மற்றக் கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார்.

துளையிடும் சத்திரசிகிச்சை நடந்தது. அது பெரிய வெட்டு இல்லை. தொடைப்பக்கத்தில் சின்னத் தையல்தான். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் அவரிடமும் கிறிஸ்ரினா அக்காவிடமும் இரண்டு விஷயம் சொன்னார். தொழிலுக்குப் போகக்கூடாது. தான் சொல்லும்வரை அந்தக் காலில் பாரம் போடக்கூடாது, இரண்டு கக்கத்திலும் தடி வைத்துத்தான் நடக்க வேண்டும்.

நெடுந்தீவில் மாவிலித்துறையில் அவரைப் பிளாஸ்ரிக் கதிரையோடு தூக்கி இறக்கினோம். கதிரையின் ஒரு காலை நான் பிடித்தேன்.

"பெருநாளுக்குச் சொரூபம் கொண்டுபோற மாதிரியெல்லோ கொண்டுபோறியள்," என்றார் மேலே இருந்தபடி. "ஆரும் மெழுகுதிரி கொழுத்தேல்லையோ?"

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ, புனிதரே," என்றார் கிறிஸ்ரினா அக்கா. "கீழை விழுந்தா மெழுகுதிரிதான் கொழுத்தவேணும்."

கிறிஸ்ரினா அக்கா முன்பள்ளி ஆசிரியை. காலையில் அவருக்குத் தேநீர் வைத்து, மூத்திரப் போத்தலைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, எழும்பக்கூடாது என்று மூன்றுதரம் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போவார். மதியம் திரும்பி வரும்போது ஜெகதீஸ் அண்ணை விட்டுப்போன இடத்திலேயே படுத்திருப்பார். எனக்கும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் நம்பிக்கையாக இருந்தது. முகம் தெளிந்திருந்தது. நோ குறைவு என்று சொன்னார். துளை வேலைசெய்கிறது என்று நானும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் காலை கரையோரத்து வீட்டுத்திட்டம் ஒன்றைப் பார்க்கச் சைக்கிளில் போனேன். கடலுக்கு இறங்கும் இடத்தில், கல்வேலியில் இரண்டு தடிகள் சாத்தியிருந்தன. கைபிடியில் சுற்றிய சிவப்புத் துணியைக் கண்டதும் யாருடையதென்று தெரிந்துவிட்டது. தடி இருக்கிறது, ஆளைக் காணவில்லை. விழுந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன்.

சற்றுத் தள்ளி மரியநாயகத்தின் படகு நங்கூரம் போட்டு நின்றது. மரியநாயகம் கையில் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கயிற்றை இரண்டுதரம் இழுத்தார். கொஞ்ச நேரத்தில் ஜெகதீஸ் அண்ணையின் தலை மேலே வந்தது. முகமூடியைக் கழற்றினார். அப்படி நிம்மதியான முகத்தை நான் அவரிடம் அதற்குமுன் கண்டதில்லை.

படகைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"காலிலை பாரம் போடாமல் நிக்கிறன்."

"பகிடி விடாதேங்கோ. தொழிலுக்குப் போகக்கூடாது எண்டெல்லோ டொக்டர் சொன்னவர்!"

"ஆர் தொழிலுக்குப் போனது? பையைப் பாரும், ஒரு அட்டை கிடக்குதோ?" படகின் விளிம்பில் கையூன்றிக்கொண்டு, கோபமில்லாமல், எனக்கு விளங்கப்படுத்தும் குரலில் சொன்னார். "அவர் சொன்னது காலிலை பாரம் போடாதை எண்டு. வீட்டிலை கட்டிலாலை இறங்கினாலே பாரம் விழுது. தடி வைச்சாலும் கொஞ்சம் விழத்தான் செய்யுது. இஞ்சை எட்டுப் பாகத்திலை கிடந்தா என்ன பாரம் கிடக்குது? ஒண்டுமில்லை. காத்தாலை வந்த வருத்தம் எண்டும் அவர்தான் சொன்னவர். கீழை போக அந்தக் காத்து அமந்து போகுது, நோ போகுது. ஓமோ இல்லையோ? நீர் படிச்சனீர், சொல்லும் பாப்பம்."

"மேலை வரேக்கை திரும்பக் காத்துப் பிடிக்குமெல்லே, அண்ணை! அந்தக் காத்துத்தானே எலும்பைச் சாக்காட்டினது!"

"ஆறுதலாத்தான் வாறன்."

"எத்தினை நாளா?"

அவர் மரியநாயகத்தைப் பார்த்தார். மரியநாயகம் கயிற்றைச் சுருட்டினார்.

"பள்ளிக்கூடம் இருக்கிற நாளெல்லாம்," என்றார் மரியநாயகம் கடைசியில். "மச்சான் வந்து நோகுது நோகுது எண்டு நிக்கேக்கை நான் சிலிண்டர் தரமாட்டன் எண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது? தூக்கித்தான் படகிலை ஏத்துறனான். காலை நிலத்திலை முட்ட விடுறேல்லை."

நான் அங்கேயே நின்று வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். தாதி ஒருவர் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வந்து, இனி ஒரு தரமும் இறங்கக்கூடாது, உடனே எக்ஸ்ரே படம் எடுக்க வரவேண்டும் என்றார். அதை நான் அப்படியே சொன்னேன். ஜெகதீஸ் அண்ணை தலையை ஆட்டினார். தடிகளை எடுத்துக் கொடுத்தேன். கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு எட்டு வைத்ததும் முகம் திரும்பவும் பழையபடி இறுகியது.

மதியம் கிறிஸ்ரினா அக்காவுக்குத் தெரியவந்தது. அவர் புருசனைப் பேசவில்லை. தமையனைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினார்.

"எனக்கு இவரை மாப்பிளையாப் பேசிக்கொண்டு வந்ததும் நீதான். இப்ப கொண்டுபோய்க் கடலிலை அமத்துறதும் நீதான். உனக்கு என்னிலை என்ன கோவம், அண்ணை? சொல்லு."

"பிள்ளை, அவன்தான் —"

"அவர் கேப்பார். நான் படிப்பிக்கிற மூண்டு வயசுகளும்தான் கிணத்துக்கட்டிலை ஏறக் கேக்குதுகள். ஏத்தி விடுறனானோ?"

மரியநாயகம் முற்றத்தைத் தாண்டிப் போனார். உள்ளேயிருந்து ஜெகதீஸ் அண்ணையின் குரல் கேட்டது. "கிறிஸ்ரி, எனக்கு இப்பவும் நோகுதப்பா." அக்கா போய் அவர் தலைமாட்டில் இருந்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்கு, கந்தோருக்குப் போனேன்.

படம் எடுக்கும் நாளுக்கு முன்னமே அது நடந்துவிட்டது. கதிரையில் இருந்தவர் தேநீர்க் கோப்பைக்குக் கை நீட்டி உடம்பைத் திருப்பினார். அரைக்குள் சின்ன முறுக்கு உடைந்தது போல ஒரு சத்தம். "எனக்குக் கேட்டது, தம்பி," என்று பிறகு சொன்னார். "வேறை ஆருக்கும் கேக்கேல்லை. கிறிஸ்ரி குசினியிலை நிண்டவ, அவவுக்குக் கேக்கேல்லை."

அதன்பிறகு இடது கால் வலது காலைவிடக் கட்டையாகிவிட்டது.

வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். உருண்டையாக இருக்கவேண்டிய பந்தின் மேற்பக்கம், அவித்த முட்டையைக் கரண்டியால் தட்டியது போல உள்ளே இறங்கியிருந்தது. கடலுக்குள் இறங்கிய கதையை ஜெகதீஸ் அண்ணை தானே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, பாரம் போடாத நியாயத்தையும் சொன்னார். வைத்தியர் முழுவதையும் கேட்டார்.

"நோ குறையிறது உண்மை," என்றார். "ஆனா ஒவ்வொருதரம் மேலை வரேக்கையும் அந்த எலும்பு இன்னும் கொஞ்சம் செத்திருக்கும். இப்ப துளை போட்டு ஒண்டும் செய்ய ஏலாது. மூட்டைத்தான் மாத்தவேணும்."

"அப்ப மாத்துங்கோ."

"மாத்துவம். காத்திருக்கிற ஆக்கள் கனபேர். பேர் பதிஞ்சு விடுறன்."

அந்தக் காத்திருப்பு அவரைத் தின்றது. படுத்தால் நோகும், இருந்தால் நோகும். கதிரையிலேயே பாதி சரிந்து நித்திரை கொள்ளப் பழகினார். நோக் குளிசை வயிற்றைப் புண்ணாக்கியது, சாப்பாடு குறைந்தது. மலசலகூடத்தில் குந்தமுடியாது. மரியநாயகம் ஒரு பழைய மரக்கதிரையின் நடுவை வெட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மச்சானின் முகத்தைப் பாராமல் போனார். அந்த நெஞ்சும் கைகளும் ஒரு வருடத்துக்குள் வற்றிப்போயின. ஒருநாள் நான் போனபோது சன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் இப்ப ஒண்டும் கேக்கேல்லை. சும்மா ஒருக்காக் கொண்டுபோய் அந்தத் தண்ணிக்குள்ளை விட்டா, ஒரு அரைமணித்தியாலம் நோகாமல் கிடப்பன்."

நான் குளிசையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தேன். அவர் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

ஆடி மாதத்தில் சத்திரசிகிச்சைக்கு நாள் வந்தது. முதல்நாளே யாழ்ப்பாணம் வைத்தியசாலை வாட்டில் வந்து படுக்கவேண்டும். கிறிஸ்ரினா அக்கா சாறம், துவாய், செபமாலை எல்லாவற்றையும் பையில் வைத்துக் கட்டினார். அந்த வாரக்கடைசியில் சோளகக் காற்றுத் தூக்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை படகுச் சேவையை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை விடியவும் கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

நான் கந்தோர்த் தொலைபேசியில் தெரிந்த எல்லா இலக்கத்துக்கும் எடுத்தேன். எங்கள் ஊரில் ஒரு பிரச்சினை என்றால் என்னைக் காட்டி 'உவனிட்டைச் சொல்லுங்கோ, அவன் படிச்சவன், பாத்துக்கொள்ளுவான்' என்பார்கள். அன்றைக்கு என்னிடம் பதவியும் முத்திரையும் எல்லாம் இருந்தன. மறுமுனையில் எல்லாரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"நோயாளிக்கு உயிராபத்தோ?"

"இல்லை. இடுப்பு ஒப்பரேசன். நாளைக்கு நாள்."

"அவசர நோயாளி எண்டா எப்பிடியும் ஏத்துவம், சேர். இந்தக் கடலிலை மற்ற ஆக்களை ஏத்த அனுமதியில்லை. காத்து விழட்டும்."

மரியநாயகம் தன் படகைக் கொண்டுவருகிறேன் என்றார். வேண்டாம் என்று அக்கா சொன்னார். ஜெகதீஸ் அண்ணை போவம் என்றார். லான்ட்மாஸ்ரர் என்ற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் போட்டு, மெத்தை போட்டு, அவரைக் கிடத்தித் துறைக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி குலுங்க அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு 'மாதாவே, மாதாவே' என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மரியநாயகத்தின் படகு துறையோடு நிற்கமாட்டேன் என்றது. நாலு பேர் கதிரையைத் தூக்கினோம். படகு மேலே வந்தபோது நீட்டினோம். அடுத்த நொடி அது எங்களுக்குக் கீழே ஒரு ஆள் உயரம் இறங்கிவிட்டது. கதிரையின் முன்காலைப் பிடித்து நின்றவர் வழுக்கினார். கதிரை சரிந்தது. விழவில்லை, ஆனால் அவருடைய இடது கால் கதிரைக்கும் துறைக்கல்லுக்கும் நடுவே அகப்பட்டது. அவர் கத்தினார். பகிடி விட்டுக்கொண்டு பல்லைக் கடிக்கும் அந்த மனிதர் வாய்விட்டுக் கத்தியதை நாங்கள் அன்றைக்குத்தான் கேட்டோம்.

"வேண்டாம். இறக்குங்கோ. என்னைக் கீழை விடுங்கோ."

நின்ற இடத்திலேயே கதிரையை இறக்கி வைத்தோம். காற்று மணலை அள்ளி எல்லார் முகத்திலும் எறிந்தது. கிறிஸ்ரினா அக்கா தன் சீலைத்தலைப்பால் அவர் கண்களை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் லான்ட்மாஸ்ரர்க்காரர் இயந்திரத்தைத் திருப்பினார்.

வைத்தியசாலைக்கு நான் சொன்னேன். அந்த இடத்துக்கு வேறொரு நோயாளியை எடுத்துவிட்டார்கள். ஜெகதீஸ் அண்ணையிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். கேட்டுவிட்டு, "அவருக்கும் கால்தானே, தம்பி," என்றார்.

காற்று அடங்கியபிறகு அவரை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கிறிஸ்ரினா அக்காவின் தமக்கை இரஞ்சிதம் வீடு அங்கே. இனி எந்த நாள் வந்தாலும் பாலத்தால் வாகனத்திலேயே யாழ்ப்பாணம் போகலாம். சத்திரசிகிச்சைக்கு இரண்டாவது தரம் நாள் வந்தபோது நேரத்துக்குப் போய் வாட்டில் படுத்துவிட்டார். வெட்டுவதற்கு முன் இரண்டு இடுப்பையும் சேர்த்துப் புதிதாகப் படம் எடுத்தார்கள்.

வைத்தியர் கட்டிலடிக்கு வந்தார். கையில் புதுப் படம் இருந்தது.

"இடதை நாளைக்கு மாத்துறம். அதிலை மாற்றமில்லை. ஆனா வலது பந்திலையும் அதே வருத்தம் தெரியுது. தொடக்கம்தான்."

ஜெகதீஸ் அண்ணை வலது காலைப் பார்த்தார். "அதுவும் கூடத்தானே இறங்கினது," என்றார்.

"அதுக்கும் துளை போடலாமெல்லோ, டொக்டர்?" என்று கிறிஸ்ரினா அக்கா கேட்டார். "இன்னும் இடியேல்லைத்தானே?"

"போடலாம். போட்டா அந்தக் காலிலை பாரம் விழக்கூடாது. இடது கால் புது மூட்டு. அது பொருந்தி வாறவரைக்கும் முழுப்பாரத்தையும் தாங்காது. ரெண்டு காலையும் ஒரே நேரத்திலை தூக்கிவைச்சிருக்க ஏலாதெல்லோ. முதல் இது ஆறட்டும். அதுவரைக்கும் வலது தாங்கவேணும்."

"தாங்குமோ?"

"பாப்பம், அம்மா."

இடது மூட்டை மாற்றினார்கள். பழைய பந்தை வெட்டி எடுத்துவிட்டு உலோகப் பந்தும் கிண்ணமும் வைத்தார்கள். அடுத்த நாளே நாலுகால் சட்டகம் ஒன்றைப் பிடிக்கச் சொல்லி நிற்பாட்டினார்கள். அவர் இடது காலை மெல்ல நிலத்தில் வைத்தார். திரும்ப எடுத்தார். திரும்ப வைத்தார்.

"நோகேல்லை," என்றார். பிறகு கிறிஸ்ரினா அக்காவைப் பார்த்து, "கிறிஸ்ரி, நோகேல்லையடி," என்றார். தாதி இருக்கச் சொன்னபிறகும் கனநேரம் நின்றார்.

வீட்டுக்கு விடும்போது வைத்தியர் இந்தமுறை நீளமாகச் சொன்னார். குந்தக்கூடாது. நிலத்தில் இருக்கக்கூடாது. கால்மேல் கால் போடக்கூடாது. உயரம் குறைந்த, பதிந்த கதிரையில் இருக்கக்கூடாது. குனிந்து எதையும் எடுக்கக்கூடாது. தொழிலுக்கென்றாலும் நோவுக்கென்றாலும் சும்மா என்றாலும் சிலிண்டர் கட்டி இறங்கவே கூடாது. ஜெகதீஸ் அண்ணை ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றார். முடிவில் சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"குளிக்கலாமோ?"

"குளிக்கலாம். கதிரையிலை இருந்து, வாளித் தண்ணியிலை."

"கடல் தண்ணி அள்ளி வாளியிலை விட்டா?"

வைத்தியர் சிரித்தார். ஜெகதீஸ் அண்ணை சிரிக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தார்.

இடது கால் ஆறிய அந்த மாதங்களில் வலது காலுக்கு ஓய்வே இல்லை. கட்டிலால் எழும்ப, கதிரைக்கு மாற, தடியோடு ஒரு எட்டு வைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அவர் இம்முறை வைத்தியர் சொன்னதொன்றையும் மீறவில்லை. இரஞ்சிதம் வீட்டு வாசல் தாண்டிப் போகவில்லை. கடல் அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், கொண்டுபோகச் சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை. மரியநாயகம் பார்க்க வந்தால் காற்றையும் மீனையும் பற்றிக் கதைப்பார்கள், சிலிண்டரைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை.

போன மாசி மாதம் நான் போயிருந்தபோது அவர் வலது பக்க அரையை விரலால் அமர்த்திக்கொண்டிருந்தார்.

"எப்ப தொடங்கினது, அண்ணை?"

"சத்தம் கேட்டது," என்றார்.

அடுத்த கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்தார்கள். வலது பந்தும் இடிந்துவிட்டது, துளை போடுவதற்கான காலம் கடந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார்.

ஜெகதீஸ் அண்ணை இப்போது ஊர்காவற்றுறையில் இரஞ்சிதம் வீட்டின் முன்னறையில் இருக்கிறார். வயது நாற்பத்தாறு. கிறிஸ்ரினா அக்கா கிழமை நாட்களில் நெடுந்தீவில் படிப்பித்துவிட்டு, படகு ஓடினால் வெள்ளிக்கிழமை வருகிறார். இடது கால் நோவதில்லை. வலது மூட்டையும் மாற்றவேண்டும் என்று பெயர் பதிந்திருக்கிறது. நாள் இன்னும் வரவில்லை.